வானத்துக்கு ஒன்று, கையில் ஒன்று

என்னங்க,

இருந்தவரைக்கும் உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இனிமேலா சொல்லப் போகிறேன்? ஊர் உங்களுக்கு வைத்த பட்டப்பேர் ஒன்று உண்டு, அது எனக்கு அறவே பிடிக்காது. அதனால் 'என்னங்க' என்றே ஆரம்பிக்கிறேன். இந்த ஒரு சொல்லை வைத்தே இத்தனை வருசம் குடும்பம் நடத்தியாயிற்று. ஒரு கடிதத்துக்குப் போதாதா?

நீங்கள் போன பிறகு இரண்டு வெள்ளாமை எடுத்துவிட்டேன். மூன்றாவது பூண்டு இப்போது மண்ணில் நிற்கிறது, தாள் பழுக்க ஆரம்பித்திருக்கிறது. நம் மகள் செல்விக்கு மதுரையில் நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது, போனில் என்னை அதட்டுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள். பக்கத்து வயல் கருப்பையா அண்ணன் இன்னும் பீடியை விடவில்லை. உங்கள் இரட்டைக்குழல் துப்பாக்கி என் பேருக்கு மாறிவிட்டது. "பொம்பளைக்கு எதுக்கும்மா லைசென்ஸ்?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "பன்னி வந்து வீட்டுல ஆம்பள இருக்காரான்னு கேட்டுட்டா மேயுது?" என்று திருப்பிக் கேட்டேன்.

இப்போது அந்தத் துப்பாக்கிக்குத்தான் வில்லங்கம் வந்திருக்கிறது.

மேலே எங்கேயோ ஒரு யோசனை புறப்பட்டிருக்கிறதாம். பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் துப்பாக்கியில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு தோட்டா மட்டும் போடுகிற மாதிரி இருக்க வேண்டுமாம். இரட்டைக்குழல் வைத்திருக்கிறவர்கள் அதைக் கொடுத்துவிட்டு ஒற்றைக்குழல் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு மனசில்லாவிட்டால் ஒரு குழலை நிரந்தரமாக அடைத்துக்கொண்டு வர வேண்டும். தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்கிறோம், ஓட்டு எண்ணி முடிகிறவரைக்கும் பன்னிதான் இந்த மலைக்கு எம்எல்ஏ. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். இதை எப்படிப் பொறுப்பது?

யோசனைதான், சட்டம் ஆகவில்லை, உங்கள் கருத்தைச் சொல்லலாம் என்று கொடைக்கானலில் கூட்டம் போட்டார்கள். நம் ஊரிலிருந்து ஒரு ஜீப் நிறையப் போனோம். துப்பாக்கிக்காரர்களில் நான் ஒருத்திதான் பொம்பளை. என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அது மரியாதைக்கா, வேடிக்கைக்கா என்று எனக்குத் தெரியவில்லை.

ஹோம்ஸ்டே வைத்திருக்கிற ஒருவர் முதலில் எழுந்தார். காலையில் வெடிச்சத்தம் கேட்டால் கெஸ்ட் எல்லாம் பயந்துபோகிறார்கள், பீஸ்ஃபுல்லா இருக்கத்தானே இங்கே வருகிறார்கள் என்றார். "எங்க பூண்டுக்கும் அதே ஆசைதாங்க" என்றேன். கூட்டம் சிரித்தது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. அங்கேதான் வசமாக மாட்டினேன்.

கூட்டத்தை நடத்திய அதிகாரி சின்ன வயசுப் பெண். செல்வியைவிட நாலைந்து வயசு கூட இருக்கலாம். முகம் சுளிக்காமல் எல்லாரையும் கேட்டார். என்னைப் பார்த்து, "அம்மா, உங்க வீட்டுக்காரரும் நீங்களும் இத்தன வருசத்துல ரெண்டாவது தோட்டாவ எத்தன தடவ சுட்டிருக்கீங்க?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடிக்கக்கூடச் செய்தார். ஆனால் உங்களைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு எனக்குப் பொய் வரவில்லை. "ஒரு தடவகூட இல்லீங்க" என்றேன்.

"அப்ப அது தேவையில்லதானேம்மா? ஒரே ஒரு நாள் ஒண்ண மட்டும் போட்டுப் பாருங்களேன்."

அந்தப் பெண் நக்கலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். திரும்பி வருகிற ஜீப்பில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. "காரியத்தையே கெடுத்துப்புட்டியே தாயி" என்று மட்டும் ஒருவர் சொன்னார். இன்னொரு கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமை இருக்கிறது, அதோடு முடிவு எழுதி மேலே அனுப்பிவிடுவார்கள்.

உங்கள் வழக்கத்தைப் பற்றி நான் அன்றைக்கு ராத்திரியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தோட்டா போடுவீர்கள். முதல் குண்டு எப்போதும் வானத்துக்கு. பன்னி தெறித்து ஓடும். இரண்டாவதைச் சுடாமலே வெளியே எடுத்து, சட்டைத் துணியால் துடைத்து, டப்பாவுக்குள் போடுவீர்கள். எந்த மிருகத்தையும் நீங்கள் குறிபார்த்து நான் கண்டதில்லை. அதனால்தானே ஊர் உங்களை 'வானஞ்சுட்டான்' என்றது? மழைக்காகச் சுடுகிறாயா என்று டீக்கடையில் கேட்பார்கள். நீங்களும் வெட்கமில்லாமல் கூடச் சேர்ந்து சிரிப்பீர்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். மனசு இளகின மனுசன், உயிரைக் கொல்லத் துணிவில்லை, அவ்வளவுதான் என்று நானும் நினைத்திருந்தேன். உங்களோடு அத்தனை வருசம் இருந்தவளே அப்படி நினைத்தால் ஊரை என்ன சொல்ல?

மறுநாள் வெள்ளனே எழுந்தேன். அந்தப் பெண் கேட்டது காதிலேயே நின்றது. சரி, ஒன்று போதுமா என்று பார்த்துவிடுவோம், போதும் என்றால் நானே வெள்ளிக்கிழமை போய் ஒப்புக்கொள்வேன் என்று ஒரு வீம்பு. ஒரு குழலில் மட்டும் தோட்டா போட்டேன். மற்றதைக் காலியாக விட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தத் துப்பாக்கியை அப்படி மூடினேன்.

பனி அப்படியே இறங்கிக் கிடந்தது. நம் படிக்கட்டு வயலில் மேல் அடுக்கில் சத்தம் கேட்டது. தாள் ஒடிகிற சத்தம், உங்களுக்குத் தெரியாததா? போய் நின்று பார்த்தேன். வரிசைக்கு நடுவே கறுப்பாக, தாழ்வாக ஒரு உருவம் மெல்ல நகர்ந்தது. வழக்கம்போலத் துப்பாக்கியை வானத்துக்குத் தூக்கினேன்.

விசையில் விரல் போகவில்லை.

கையில் இருப்பது ஒன்று. அதை மேலே விட்டுவிட்டால் அப்புறம் வெறும் இரும்புக்குழாய்தான். அது குட்டி போட்ட பன்னியாக இருந்து என் பக்கம் திரும்பினால்? எனக்குக் கருப்பையா அண்ணனின் தொடை ஞாபகம் வந்தது. அவர் ஒற்றைக்குழல் வைத்திருந்த காலத்தில், ஒன்றைச் சுட்டுவிட்டு அடுத்ததைத் திணிப்பதற்குள் பன்னி வந்து கிழித்ததுதானே அது? அதோடு துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு இன்றைக்கும் காலை இழுத்துக்கொண்டு நடக்கிறார். இதையெல்லாம் நான் நின்று யோசித்தேன் என்று நினைக்காதீர்கள். கை தானாக இறங்கியது. குழல் அந்த உருவத்துக்கு நேராக வந்து நின்றது. வீணாக்கக் கூடாது, இருப்பது ஒன்று, சரியாகப் பட வேண்டும். அந்த நேரத்தில் இந்த எண்ணம் மட்டும்தான் எனக்குள் இருந்தது. விரலும் விசைக்கு வந்துவிட்டது.

உருவம் இருமியது.

அந்தப் பீடி இருமலை எனக்குத் தெரியாதா? எத்தனை வருசமாக நம் வாசலில் கேட்ட இருமல்! கருப்பையா அண்ணன் தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கால் மடங்காததால் குனிய முடியாமல், உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து நகர்ந்து நம் பூண்டுக்குக் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். தனியாகக் கஷ்டப்படுகிறாளே என்று எனக்குச் சொல்லாமல் வந்து செய்திருக்கிறார்.

துப்பாக்கியைக் கீழே வைத்தேன். சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னாத்தா, பன்னி கின்னி வந்துச்சா?" என்றார்.

"நீங்கதாண்ணே பன்னி" என்று சொல்லிவிட்டு அழுதேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கம்பளியை உதறிக்கொண்டே, "மாப்ள இருந்தா வானத்துல விட்டுருப்பான். நான் எந்திரிச்சுக் குரல் குடுத்துருப்பேன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னங்க, நீங்கள் பன்னியை விரட்ட மட்டுமா வானத்தில் சுட்டீர்கள்?

நீங்கள் சுட்டதும் சரிவு முழுக்கக் குரல் வருமே, ஒவ்வொரு வயலிலிருந்தும் ஒவ்வொருத்தர் "ஓவ்" என்று கூப்பிடுவார்களே. சும்மா கும்மாளம் என்று நினைத்திருந்தேன். யார் எங்கே நிற்கிறார்கள் என்று அந்தக் குரலை வைத்துத்தான் நீங்கள் தெரிந்துகொண்டீர்களா? அதற்குப் பிறகுதான் இரண்டாவதைப் பற்றியே நினைப்பது என்று வைத்திருந்தீர்களா? இதை ஒரு தடவையாவது என்னிடம் வாய்திறந்து சொல்லியிருக்கக் கூடாதா? டீக்கடையில் சிரித்துவிட்டு வருவீர்களே தவிர, ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதில் உங்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு, அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வாயால் கத்திக் கேட்கலாமே என்று அந்த அதிகாரி கேட்பார். கேட்கட்டும். மலைக்காற்று எதிர்த்து அடிக்கிற காலையில் வாய்ச்சத்தம் அடுத்த அடுக்குக்குப் போகாது. ஒரு நாள் விடியலில் என்னோடு வந்து நின்று பார்க்கச் சொல்கிறேன். நல்ல பெண்தான், வந்தாலும் வருவார்.

கருப்பையா அண்ணன் அன்றைக்கே எச்சரித்துவிட்டார். "கூட்டத்துல இத மட்டும் சொல்லிப்புடாத. மனுசன் மேல குறி வச்சேன்னு நீயே சொன்னா லைசென்சப் புடுங்கிருவாங்க. அப்புறம் வெள்ளாமைய எத வச்சுக் காப்பாத்துவ?" செல்வி போனில் அதற்கும் மேலே போனாள். "அந்த இரும்பக் குடுத்துட்டு இங்க வந்துரும்மா. உனக்கு எதுக்கு இந்தச் சோலி?"

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. துப்பாக்கி போய்விட்டால் இந்தப் பூண்டு எனக்கில்லை, அடுத்த வருசம் இந்த நிலமும் தரிசுதான். அது தெரிந்துதான் சொல்கிறேன், நான் வாயை மூடப் போவதில்லை.

இரண்டு குண்டு இருந்தால் இரண்டு பேர் சாவார்கள் என்று ஏதோ ஒரு ஏசி ரூமில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். நம் துப்பாக்கியில் இரண்டு இருந்ததால்தான் இத்தனை வருசமாக ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்று மட்டும் இருந்த ஒரே காலையில் நான் கொலைகாரியாகப் பார்த்தேன். பயந்தவள் கையில் ஒற்றைத் தோட்டாவைக் கொடுத்தால் அவள் வானத்தைச் சுட மாட்டாள். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, என் விரலே எனக்குச் சொன்னது. இதைப் போய்ச் சொல்லாமல் மறைத்தால், நாளைக்கு வேறொரு சரிவில் வேறொரு கம்பளிக்குள் யாராவது செத்தால், அந்தச் சாவில் எனக்கும் பங்கு உண்டு.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் உங்களுக்குத் துப்பாக்கியே வேண்டாம் என்று அவர்கள் முடிவெடுக்கலாம். எடுக்கட்டும். என்னைக் கேட்காமல் எடுத்ததாக மட்டும் இருக்கக் கூடாது.

இன்று காலை இரண்டு தோட்டாவும் போட்டுக்கொண்டு இறங்கினேன். கீழ்ப்பாத்தி ஓரத்தில் நிஜமாகவே பன்னி, குட்டிகளோடு. முதல் குண்டை வானத்துக்கு விட்டேன். மலை முழுக்க எதிரொலித்தது. சரிவில் ஒவ்வொரு குரலாக வந்தது. எல்லாருக்கும் கடைசியாக, இருமலோடு சேர்ந்து, "இருக்கேன் தாயி" என்று மேல் அடுக்கிலிருந்து வந்தது. பன்னிகள் காட்டுக்குள் போய்விட்டன. இரண்டாவதை எடுத்து, முந்தானையில் துடைத்து, டப்பாவுக்குள் போட்டேன்.

என்னங்க, சத்தியமாகச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை முதல் ஆளாக நான்தான் எழுந்து நிற்பேன். நடந்ததை நடந்தபடி சொல்வேன். ஒரு குழல் அடைத்த துப்பாக்கி நம் வீட்டுக்குள் வராது. வைத்துக்கொண்டால் முழுசாக வைத்துக்கொள்வேன், கொடுத்தால் முழுசாகக் கொடுப்பேன். நீ யாரம்மா என்று கூட்டத்தில் என்னைக் கேட்டால், இத்தனை நாள் எனக்குப் பிடிக்காத அந்தப் பேரைத்தான் சொல்லப் போகிறேன்.

இப்படிக்கு,
வானஞ்சுட்டான் பொண்டாட்டி
பேச்சியம்மாள்,
பூண்டி.