பி ஃப்ளாட் இல்லாத கீபோர்டு

ஜூலை 4, செவ்வாய்

நேற்றே பள்ளிக் கீபோர்டின் கறுப்புக் கட்டைகளுக்கெல்லாம் பெயர்ச்சீட்டு ஒட்டிவிட்டேன்: ஸி ஷார்ப், டி ஷார்ப், எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப். புத்தகத்தைப் பார்த்து, அழகான கையெழுத்தில். இன்று பாட்டுக்குழு ஒத்திகையில் சுரத்தாளில் பி ஃப்ளாட் வந்தது. தேடினேன். எந்தச் சீட்டிலும் இல்லை. வெறும் பி-யை அழுத்தினேன். இருபது பேரும் பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"டீச்சர், இந்தக் கீபோர்டுல பி ஃப்ளாட் இல்லை" என்றேன். ஏன்தான் அப்படிச் சொன்னேனோ.

முதல் குரல் பாடுகிறவள், "சோடாபுட்டி, கடையில போய் வாங்கிட்டு வா" என்றாள். டீச்சர் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். வரலைன்னா போட்டிக்குப் பத்தாம் வகுப்பு அக்கா வாசிக்கட்டும்."

ஜூலை 5

அண்ணன் சொல்கிறான்: "ஷார்ப்னா கறுப்பு, அவ்வளவுதான்." அவ்வளவுதானா?

ஜூலை 6, வியாழன்

சாப்பாட்டு இடைவேளை. கண்ணை மூடிக்கொண்டு, நிறம் பார்க்காமல், ஒவ்வொரு கட்டையாக ஏறினேன். அடுத்த கட்டைக்குப் போவது ஒரு செமிடோன், அதாவது ஒரு படி – வெள்ளையோ கறுப்போ. ஷார்ப் என்றால் ஒரு படி மேலே. ஃப்ளாட் என்றால் ஒரு படி கீழே. பி-யிலிருந்து ஒரு படி இறங்கினால் – நான் ஏ ஷார்ப் என்று ஒட்டிய அதே கட்டை. நான் தம்பிக்கு அக்கா, அண்ணனுக்குத் தங்கச்சி, ஆள் ஒருத்திதான்.

இ-க்கும் எஃப்புக்கும் நடுவே கறுப்பே கிடையாது. பி-க்கும் ஸி-க்கும் அப்படித்தான். அங்கே ஷார்ப் வெள்ளையில்தான் விழும்; அண்ணன் சொன்னது தப்பு. சீட்டுகளையெல்லாம் பிய்த்துவிட்டேன். நகத்தில் இன்னும் பசை.

ஜூலை 7, வெள்ளி

பிழையில்லாமல் வாசித்தேன். டீச்சர் "ம்" என்றார். அந்த "ம்" போதும்.

ஜூலை 15, சனி

போட்டி. முதல் குரலுக்குச் சளி. "மேல எட்டவே எட்டாதுடி. ரெண்டு படி இறக்கேன்" – அழாத குறை. அரங்கில் இருந்ததோ பழைய பியானோ; கீபோர்டு மாதிரி சுருதி மாற்றப் பொத்தான் கிடையாது. "பத்து நிமிஷத்துல எப்படி முடியும்?" என்றார் பத்தாம் வகுப்பு அக்கா.

பென்சிலை எடுத்தேன். பாட்டு தொடங்குவது எஃப்பில். அதிலிருந்து ஒரு படி கீழே இ, நடுவில் கறுப்பு இல்லை. இன்னொரு படி, இ ஃப்ளாட். பாட்டு அங்கிருந்து கிளம்பட்டும். சுரம் சுரமாக இரண்டிரண்டு படி இறக்கி எழுதினேன். மேடையில் என் கை ஓரிடத்திலும் தயங்கவில்லை. உச்சியில் அவள் குரல் உடையாமல் நின்றது. எனக்குத்தான் கண்ணாடி மங்கிவிட்டது.

ஜூலை 17

முதல் பரிசு. நடுவரின் தாளில் பாடியவர்களைப் பற்றி ஆறு வரி, வாசித்தவளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "இறக்கி வாசிச்சதுன்னே அவருக்குத் தெரியலை பாரு" என்றார் டீச்சர். அடுத்த பாட்டின் தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதில் ஐந்து ஃப்ளாட்.