உப்புத் தண்ணீர் வீடு

ஜூன் 16, திங்கள்

இதை யார் எடுத்தாலும் மூடி வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் வேண்டவே வேண்டாம்.

வீட்டுப் பொருள்கள் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று ரேணுகாதேவி டீச்சர் எழுதிவரச் சொன்னார்கள். மிக்சி பத்து ஆண்டு. எங்கள் விலையில்லா மிக்சிக்குப் பன்னிரண்டு, இன்னும் அரைக்கிறது. மோட்டாருக்கும் பத்துதான். எங்களுக்கு இது மூன்றாவது மோட்டார். கான்கிரீட் கூரை ஐம்பதுக்கு மேல். எங்கள் கூரைக்கும் பன்னிரண்டுதான் ஆகிறது. அந்த வரியை மட்டும் எழுதாமல் விட்டேன்.

ஜூன் 17

கொத்தனார் தங்கபாண்டி மாமா வந்து ஹால் கூரையைக் கம்பால் தட்டினார். தொம் தொம் என்றது.

"உள்ள கம்பி துருவேறி உப்பிருச்சு மச்சான். போர்த் தண்ணி உப்பு, கலவைக்கு ஆகாதுன்னு அன்னைக்கே சொன்னேன்."

"குடிக்கவே நல்ல தண்ணி லாரி வரல. வீடு கட்ட எங்கிட்டுப் போறது? ஞாயித்துக்கிழமை நரிக்குடிக்காரவுக மூத்தவளப் பொண்ணு பாக்க வாராக. பூசி விடு" என்றார் அப்பா.

"பத்து நாளும் தாங்கும், பத்து நிமிசத்துலயும் விழும். நான் பூச மாட்டேன்."

மாமா போனதும் அப்பா எங்களிடம் சொன்னார்: "வெளிய யாரும் மூச்சு விடக் கூடாது."

ஜூன் 19

அப்பாவே பூசி, வெள்ளையும் அடித்துவிட்டார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. முருகலட்சுமி அக்கா அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள்: "அதுவும் என்னைய மாதிரிதான்டி. பவுடர் போட்டு உக்கார வச்சிருக்காக."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 20

பதினைந்து பேர் வருகிறார்களாம். ஜமுக்காளம் விரிப்பது சரியாக அந்தப் பூசிய இடத்துக்குக் கீழேதான். குழந்தைகளும் வருவார்களா?

ஜூன் 21, சனி

நான்தான் செய்தேன்.

அம்மாவும் அக்காவும் பூ வாங்கப் பாளையம்பட்டி போயிருந்தார்கள். அப்பா காட்டு வேலைக்கு. வாசற்படியில் நின்றபடி, காய் பறிக்கிற தொரட்டிக் கம்பால் கூரையைக் குத்தினேன். இரண்டு முறை ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது குத்தில் காரை மொத்தமும் மூட்டை விழுந்தது போல விழுந்தது. வீடெல்லாம் புழுதி. மேலே கம்பி, செங்கல் நிறத்தில், செதில் செதிலாக.

"தானா விழுந்துருச்சுப்பா" என்றேன். அப்பா என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், சிமெண்டுக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "எல்லாம் போச்சு."

அக்கா கல்யாணம் நின்றால்? என்னாலதான. அய்யோ, என்னாலதான.

ஜூன் 22, ஞாயிறு

எல்லோரையும் வேப்பமரத்தடியில் உட்கார வைத்தோம். மாப்பிள்ளையின் அம்மா தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவர், ஹாலைப் பார்த்து நின்றுவிட்டார். பின்னாலேயே தண்ணீர்ச் சொம்போடு அம்மா.

"எந்தத் தண்ணில கட்டுனீக மதினி?"

"போர்த் தண்ணிதான்..."

"எங்க வீட்டுலயும் அதே கததான். ரெண்டு எடத்துல விழுந்துருச்சு. அதான் வாரவுகள ஹாலுக்குள்ள விடுறதே இல்ல. முன்னால உள்ள தார்சாத் திண்ணை தாண்டி ஒரு சொந்தக்காரன் வந்தது கெடையாது!"

பின்னால் வந்து நின்ற அப்பா சிரித்துவிட்டார். ஒரு வாரத்துக்குப் பிறகு இன்றுதான். ஆவணியில் நாள் பார்க்கிறார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் அசதி. இப்போதாவது தூங்கலாம் என்று பார்த்தால் முடியவில்லை. சாயங்காலம் முருங்கைக்காய் பறிக்க அப்பா தொரட்டியை எடுத்தார். எடுத்தவர் அதன் நுனியையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். புது வெள்ளை ஒட்டியிருந்ததை நான் துடைக்கவே இல்லை. காய் பறிக்காமலே திரும்ப வைத்துவிட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? சாப்பிடும்போது மட்டும் என் தட்டில் தன் பங்கு அப்பளத்தையும் எடுத்து—

கதவு தட்டும் சத்தம். "பிரியா, முழிச்சிருக்கியாத்தா?" அப்பாதா—