பதினெட்டு ‘இல்லை’

8 ஜூலை 1981, புதன்

ருக்மிணி மிஸ் ஹாஸ்டலுக்கு வந்து ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எம்.ஃபில் ஆராய்ச்சியாம், வீட்டைப் பிரிந்து படிக்கும் மாணவிகளைப் பற்றி. தூக்கம் கெடுகிறது, காரணமின்றி அழுகை வருகிறது, கை நடுங்குகிறது என்று பதினெட்டு வரி. ஒவ்வொன்றுக்கும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ போட வேண்டும்.

நேற்றுத்தான் லேபில் கை நடுங்கி ஒரு கண்ணாடிப் பிப்பெட்டை உடைத்தேன். ஆனாலும் பதினெட்டுக்கும் ‘இல்லை’ போட்டேன். பின்னே? தாள் வார்டன் கைக்குப் போனால் கடையநல்லூரில் எங்கள் வீட்டுக்குக் கடிதம் போகும். வாப்பா சவுதியில். காலேஜில் சேர்த்தது மாமாதான். “ஒரு கொறை காதுல விழுந்துச்சு, பெட்டியக் கட்டிருவேன்” என்று சொல்லித்தான் சேர்த்தார்.

ஹாஸ்டலில் நோன்பு பிடிப்பவள் நான் ஒருத்தி. குழாயடியில் நின்று ஒரு வாழைப்பழத்தோடு நோன்பு திறந்தேன்.

11 ஜூலை

ஹாஸ்டல் பிள்ளைகள் எல்லாரும் பக்கத்து அருவிக்குப் போனோம். தண்ணீருக்குள் நின்று அழுதால் யாருக்கும் தெரிவதில்லை.

15 ஜூலை, புதன்

மிஸ் ஆராய்ச்சிக்காக என்னையும் கடையத்து விஜயத்தையும் பிருஹதாம்பாளையும் ஒரு குழுவாகச் சேர்த்துவிட்டார். புதன்கிழமை சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து பேச வேண்டும். மிஸ் வரமாட்டார். ஒரே விதி, யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது.

முதல் நாள் முழுக்க மெஸ் சாம்பாரைத் திட்டினோம்.

22 ஜூலை

விஜயம் திடீரென்று, “இங்கிலீஷ்ல நடத்துதது ஒண்ணும் வெளங்கல. தெனமும் அழுதுட்டுத்தான் படுக்கேன்” என்றாள். பிருஹதாம்பாளால் யாருக்கும் புத்தி சொல்லாமல் இருக்க முடியாது. பாவம், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அருவியில் அழுததைச் சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன்?

“ஏட்டி, நீயுமா?” என்றாள் விஜயம்.

நோன்பு திறக்கும்வரை இரண்டு பேரும் தங்கள் டீயைக் குடிக்காமல் வைத்திருந்தார்கள். மூன்று டம்ளரும் ஆறிப்போயிருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

19 ஆகஸ்ட்

இன்று லேபில் கை நடுங்கவில்லை. அறைக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

9 செப்டம்பர், புதன்

அதே தாள் மறுபடியும். இந்தத் தடவை யோசிக்காமல் உள்ளதைப் போட்டேன். ஏழு ‘ஆம்’.

14 செப்டம்பர்

மிஸ் ‘ஆம்’களை எண்ணியிருக்கிறார். எனக்கு ஜூலையில் சைபர், இப்போது ஏழு! விஜயத்துக்கு இரண்டாக இருந்தது ஒன்பது ஆகியிருக்கிறது. “பேசிப் பேசிப் பிள்ளைகளக் கெடுத்தாச்சு. இதோட நிறுத்துங்க” என்று வார்டன் ருக்மிணி மிஸ்ஸிடம் சொல்லிவிட்டார். மிஸ் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடி கூறுகெட்ட ஷமீமு, ஜூலையில நீ எழுதுனது பொய்தானே! உள்ளதச் சொன்னா மாமா வந்து நிப்பாரு. சொல்லலன்னா புதன்கிழமை போச்சு — என்ன செய்ய?

16 செப்டம்பர், புதன்

வார்டன் அறைக்குப் போனேன். மிஸ்ஸும் இருந்தார்.

“ஜூலை தாளக் குடுங்க மிஸ். அதுல நான் எழுதுனது பூரா பொய்.”

“எதுக்குப் பொய் எழுதுனே?” என்றார் வார்டன்.

“வீட்டுக்கு லெட்டர் போட்டிருவீங்கன்னுதான் மேடம்.”

மிஸ் தாளைத் தேடிக் கொடுத்தார். ஜூலையில் நான் இருந்தபடி சிவப்பு மையில் திருத்தினேன். பதினாறு ‘ஆம்’. எண்ணும்போது அழுகை வந்தது. அவர்கள் முன்னாலேயே அழுதேன்.

வெளியே வந்தால் விஜயமும் பிருஹதாம்பாளும் நிற்கிறார்கள். “தள்ளுட்டி, எங்களுக்கும் திருத்தணும்.”

23 செப்டம்பர், புதன்

மாடிப்படியில் கூடினோம். யாரும் தடுக்கவில்லை.

3 அக்டோபர்

மாமா வந்திருந்தார். வார்டன் கடிதம் போட்டுத்தான் இருக்கிறார். பார்வையாளர் அறையில் உட்காராமலே கேட்டார்: “ஷமீமு, இங்க ஒனக்கு ஏதும் கொறையா?”

‘இல்லை’ நாக்கு நுனிவரை வந்தது.

“இருக்கு மாமா. ஜூலைல பதினாறு இருந்துச்சு. இப்ப ஏழுதான்.” புதன்கிழமையைப் பற்றி எல்லாம் சொன்னேன். மாமா பெஞ்சில் உட்கார்ந்தார்.

“எத்தன பேரு கூடுதீங்க?”

“மூணு பேரு.”

கடைவீதிக்குப் போய் மூன்று பொட்டலம் அல்வா வாங்கி வந்தார். கொடுத்துவிட்டு நாலு மணி பஸ்ஸில் போய்விட்டார். என் பெட்டி கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது.