சீசனுக்கு விடும் முன்னறை

2024 ஜூன் 18

மழை இல்லை, மூட்டம் மட்டும். மதியத்துக்கு மேல் எதிர்வீடு தெரியவில்லை.

நாலு மணி வாக்கில் ராசம்மாள் வந்தாள். லாட்ஜில் சமையல் வேலை முடித்து, தன் வீட்டுக்குப் போகுமுன் பின்வாசல் வழியாக என் அடுப்படிக்கு வருவது அவள் வழக்கம். வரக்காபி போட்டேன். அவளுக்கு வெல்லம் தூக்கலாக வேண்டும், எனக்குச் சர்க்கரை நோய். அதனால் அவள் டம்ளரில் மட்டும் கடைசியாக ஒரு துண்டு.

சீசன் கதை சொன்னாள். மே மாதம் முழுக்க முன்னறையை டூரிஸ்ட்டுகளுக்கு விட்டுவிட்டு, அவள், வாடகை ஜீப் ஓட்டும் மகன் பிரபாகர், மருமகள் கீர்த்திகா, கைக்குழந்தை எல்லோரும் அடுப்படியில் படுத்தார்கள். எங்கள் சந்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். இரண்டே அறை, ஒன்று விருந்தாளிக்கு. பஸ் ஸ்டாண்டில் நின்று ஆள் கூப்பிடுவதில் ராசம்மாளை மிஞ்ச யாருமில்லை. வாசலில் ‘ரூம் கிடைக்கும்’ என்று போர்டு எழுதி மாட்டியதும் அவள்தான்.

“ஒரு மெட்ராஸ்காரம்மா, சுடுதண்ணி எந்தக் கொழாய்லீங்க வருதுன்னு கேட்டுச்சு. என் தலைமேல அண்டாவுல வருதுங்கன்னேன்.”

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரம் பிடித்தது. “பனி இருமலுங்க டீச்சரு,” என்றாள். இந்த மலையில் எல்லா இருமலுக்கும் அதுதான் பெயர்.

ஜூலை 2

சுவருக்கு அந்தப் பக்கம் இன்னும் இருமல்.

ஜூலை 9

அவள் ரவிக்கை தோளில் நிற்கவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல் வருகிறதா என்று கேட்டேன். குளிருக்கு அப்படித்தான் இருக்கும் என்றாள். ஆஸ்பத்திரிக்கு வா என்றால், ஒரு நாள் லீவு போட்டால் லாட்ஜில் வேறு ஆள் வைத்துவிடுவார்கள் என்றாள்.

“சேலம் பஸ் கொண்டை ஊசி வளைவுல இறங்கறப்ப பிரேக்ல சத்தம் வருதுன்னு வை. டிரைவர் அப்படியே ஓட்டுவாரா, ஓரமா நிறுத்திப் பார்ப்பாரா?”

“நிறுத்துவாருங்க. அவருக்குக் கவருமென்ட்டு சம்பளங்களே.”

நாற்பது வருடம் உதாரணம் சொல்லியே பிழைத்தவள் நான். இந்தத் தடவை உதாரணம் செல்லவில்லை, டம்ளரைக் கழுவப் போனேன்.

ஜூலை 16

கடைசியில் வந்தாள். என் உதாரணத்துக்காக இல்லை. குழந்தையைத் தூக்கும்போது இருமல் வந்து, அது பயந்து அழுததாம். பரிசோதனைக்குச் சளி கொடுத்துவிட்டு வந்தோம்.

ஜூலை 19

காசநோய்.

ஆஸ்பத்திரியின் காசநோய்ப் பிரிவில் கவிப்பிரியா என்ற பெண் நிதானமாகச் சொன்னாள். ஆறு மாதம் மாத்திரை, தினமும், இலவசம். முழுக்கக் குணமாகும். மாத்திரை தொடங்கிச் சில வாரம் போனால் பெரும்பாலும் பிறருக்குத் தொற்றாது. நடுவில் விட்டால்தான் ஆபத்து. மாத்திரைக்கே அடங்காத நோயாகிவிடலாம்.

ராசம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “பாப்பாவுக்குங்க?”

குழந்தையைப் பரிசோதித்து, தடுப்பு மருந்து கொடுப்பார்களாம். ஏரிக்கரையில் நடந்து வரும்போது, சந்தில் யாருக்கும் சொல்லாதீங்க என்றாள். நான் சொல்வேனா?

ஜூலை 27

நான் சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி ஸ்கூட்டர் அவள் வாசலில் இரண்டு தடவை நின்றது. அது போதும்.

குழாயடியில் மூன்றாம் வீட்டுப் புவனா சொன்னாள்: “ஏனுங்க ராசம்மாக்கா, உங்க கொடத்தக் கொஞ்சம் அக்கட்ட வைங்க. இந்தச் சந்துல சீக்குன்னு பேராயிட்டா, வர்ற சீசனுக்கு எவன் ரூம் எடுப்பான்? உங்க ஒருத்தருக்காகவா நாங்கெல்லாம் பட்டினி கெடக்கறது?”

அவள் பட்டினி என்றது பொய்யில்லை. மூன்று மாத வருமானத்தில்தான் எல்லா வீடும் மழைக்காலத்தைக் கடக்கிறது. அதனால்தான் எனக்குக் கோபப்படவும் முடியவில்லை.

லாட்ஜில் இனி வரவேண்டாம் என்றுவிட்டார்கள். நாலு மணிக்கு வந்தவள் சொந்த டம்ளரோடு வந்தாள். படியிலேயே நின்றாள்.

“டம்ளர்ல ஒட்டாது ராசம்மா. காத்துல வர்றது. பலாப்பழத்தை மூடின ரூம்ல வெட்டினா வீடு பூரா வாசனை. அதையே வெளியில வெட்டினா?”

“ஈதான் வருங்க.”

சிரித்தோம். உள்ளே மட்டும் வரவில்லை. பனி அடிக்கும் என்று சந்தில் என் வீடு தவிர ஒரு சன்னல் விடாமல் சிமெண்ட் சாக்கு அடைத்திருக்கிறார்கள். உள்ளே அடுப்பில் எரியும் சில்வர் ஓக் மரச் சுள்ளியின் புகை. அத்தனையும் மூடிவைத்துவிட்டு, குடத்தைத் தள்ளி வைக்கிறார்கள்.

ஆகஸ்ட் 3

போய்விட்டாள்.

காலையில் பிரபாகர் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனான். மாரமங்கலத்துப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் அவள் தம்பி வேலை செய்கிறான், அங்கே விட்டுவிட்டு வந்தான். எனக்குக் கையசைத்தாளா, முக்காட்டைச் சரி செய்தாளா, மூட்டத்தில் தெரியவில்லை.

சாயங்காலம் அவனைக் கேட்டேன். தலை நிமிரவில்லை.

“கொழந்தய வெச்சிருக்கறனுங்க டீச்சர். ஜீப்புக்கு டியூ வேற. நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க.”

நானே சொல்லவேண்டுமாம்.

ஆகஸ்ட் 11

மறந்துபோய் வெல்லத்தைப் போட்டுவிட்டேன். குடித்தேன்.

ஆகஸ்ட் 25

கோயமுத்தூரிலிருந்து மகள் போன். “அந்த ஈரத்துல தனியா ஏன்மா? இங்க வந்துடு. அங்க யாரு இருக்கா உனக்கு?”

பேச்சைப் பென்ஷன் பக்கம் திருப்பிவிட்டேன். கணவர் போனபோது இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் குடிவந்தாள் ஒருத்தி. வீடு மாற்றிய அன்றே, கொஞ்சம் காபித்தூள் இருக்குதுங்களா என்று வந்தாள். எஸ்டேட்டில் ஆயுசு பூரா காபி பறித்தவள், காபித்தூள் கேட்டு வந்தாள். அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை தடவை சிரித்திருப்போம்.

நாலு மணி என்பது இவ்வளவு பெரிய நேரம் என்று தெரியாது.

செப்டம்பர் 13

கவிப்பிரியா வந்தாள். முகம் சரியில்லை. ராசம்மாள் இந்தத் தடவை மாத்திரை வாங்க வரவில்லையாம். போன் அணைத்து வைத்திருக்கிறதாம்.

“எப்ப நிறுத்துனாங்கன்னே தெரியலீங்க டீச்சர். இப்ப விட்டுட்டா ரொம்பக் கஷ்டம்.”

அந்த மாத்திரையால் என்னென்ன தொந்தரவு வரும் என்று அவளைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

செப்டம்பர் 15

மாரமங்கலம் பஸ்ஸில் போய், இறங்கி நடந்தேன். முழங்கால் இப்போது கேள்வி கேட்கிறது.

எஸ்டேட் கூலியாட்களின் வரிசையான லைன் வீடுகளின் கடைசியில், களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து மிளகுக் கூடைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, எட்டி நின்று, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் அவள் உட்கார்ந்த கல்லிலேயே போய் உட்கார்ந்தேன். திறந்த வெளி, நல்ல காற்று. வேறு வழியில்லாமல் அவளும் உட்கார்ந்தாள்.

“ஏன் நிறுத்தின?”

பேச்சை மாற்றினாள். தம்பி பெண்டாட்டி நல்லவள் என்றாள். மேய்ச்சலுக்குப் போன ஆடு காணாமல் போய்த் திரும்பி வந்ததைச் சொன்னாள். நான் காத்திருந்தேன். வகுப்பில் பதில் தெரிந்தும் வாய் திறக்காத பிள்ளைக்குக் காத்திருப்பதுபோல.

கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “ஒண்ணுக்கு செவப்பாவே போகுதுங்க டீச்சரு. ரத்தமாட்ட. இங்க லைனுக்கெல்லாம் சேர்த்து ஒரே கக்கூசு. தண்ணி ஊத்தியும் போகல. போன வாரம் ஒருத்தி, யாரு இதுன்னு கேட்டுட்டா. இங்கயும் தெரிஞ்சுட்டா நான் எங்கீங்க போறது?”

அதற்காகத்தான். நோயைச் சகித்துக்கொண்டாள், மாத்திரை தந்த வாந்தியைச் சகித்துக்கொண்டாள். பொதுக் கழிப்பறையில் தெரிந்த நிறத்துக்குப் பயந்து மாத்திரையைப் புதரில் எறிந்திருக்கிறாள்.

“அது ரத்தமில்ல ராசம்மா, மாத்திரையோட சாயம். கவிப்பிரியாகிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன். பீட்ரூட் பொரியல் சாப்பிட்டா மறுநாள் பார்த்திருக்கியா?”

முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். “லைன்ல கேட்டா பீட்ரூட்டுன்னே சொல்லிரட்டுங்களா?”

“தாராளமா சொல்லு.”

“தெனமும் பீட்ரூட் திங்கறவ, பெரிய எஸ்டேட் மொதலாளின்னு நெனச்சுக்குவாளுங்க.”

அப்போதுதான் அழுதாள். நானும்.

நான் கிளம்பும்போது கேட்டாள்: “பாப்பா தவழுதுங்களா?” வாசல்வரை வருகிறது, கீர்த்திகா இழுத்துப் போகிறாள் என்றேன். அது எப்படித் தவழ்கிறது, முட்டி போட்டா, வயிற்றாலேயா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

“அந்த ரூம் போர்டு இருக்குதுங்களா?”

“இருக்கு.”

“நனைஞ்சா எழுத்துப் போயிரும். உள்ள எடுத்து வெக்கச் சொல்லுங்க.”

செப்டம்பர் 17

கவிப்பிரியா தானே எஸ்டேட்டுக்குப் போய் மாத்திரையைக் கொடுத்திருக்கிறாள். திரும்பப் பரிசோதனை. விட்டது சில நாள்தான், தப்பித்தோம் என்றாள்.

குழந்தை வயிற்றாலே தவழ்கிறது. எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது.

அக்டோபர் 20

பின்வாசலில் யாரோ. நாலு மணி. ஒரு கணம் — சரி, அதை எழுத வேண்டாம்.

புவனா.

காபி கொடுத்தேன். டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். “டீச்சர், அந்தச் சளி டெஸ்ட்டு... எங்கீங்க குடுக்கணும்? எங்கூட்டுக்காரருக்கு ஒரு மாசமா இருமலுங்க.”

“காலையில எந்திரிச்சதும், வாயைக் கொப்பளிச்சிட்டு, ஆழமா இருமி எடுக்கணும். எச்சிலா இருக்கக் கூடாது. நானும் வர்றேன்.”

போகும்போது வாசலில் நின்றாள். “நீங்க ஏதாச்சும் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்.”

குழாயடியில் அவள் பேசியதைப் பற்றியா? பயந்துபோய் வந்தவளிடம் கணக்குத் தீர்ப்பார்களா?

நவம்பர் 6

யுவராஜுக்கும் அதேதான். புவனா கணவன். எக்ஸ்ரே வண்டி எங்கள் சந்துக்கே வந்தது. யாரிடமிருந்து யாருக்கு என்று எல்லோரும் கேட்டார்கள்.

கவிப்பிரியா சொன்னாள்: “அத விடுங்கக்கா. மே மாசம் அடுப்படியில எத்தன பேரு படுத்தீங்க, அதச் சொல்லுங்க.”



பிரபாகர் சன்னல் சாக்கைப் பிடுங்கிவிட்டான். குழந்தைக்கு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர்.

2025 ஜனவரி 19

காபிப் பறிப்பு முடியும் நேரம். ராசம்மாளைப் போய்ப் பார்த்து வந்தேன். கன்னத்தில் சதை தெரிகிறது, ரவிக்கை நிற்கிறது. நடந்து வந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டாள், ஒரு தடவைகூட இருமவில்லை.

“இங்கயே இருந்துக்கலாம்னு பாக்கறனுங்க.” கண் வேறெங்கோ.

“என் வீட்டுக்கு வந்துடு.” பல மாதமாக மனதுக்குள் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

“பக்கத்து ஊட்டுல மகன வெச்சுக்கிட்டு உங்க ஊட்டுல நான் இருந்தா, அவன் மொகத்த எங்க வெச்சுக்குவான்?”

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் சொன்னது சரி, சரி என்று சொல்லிக்கொண்டேன். சரியானதால் வருத்தம் ஒன்றும் குறையவில்லை.

மார்ச் 9

நடுவில் விட்டதற்காக டாக்டர் நீட்டிய நாட்களும் சேர்ந்து, மாத்திரை முடிந்தது. சளியில் கிருமி இல்லை. கவிப்பிரியா போன் செய்து சொன்னாள்.

பிரபாகரிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். கண் நிறைந்தது அவனுக்கு. ஆனால், “சீசன் முடியட்டுங்க டீச்சர்,” என்றான். முன்னறைக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டான். அம்மா வந்தால் மறுபடி எல்லோரும் அடுப்படியில். அது கூடாது என்று அவனுக்கும் இப்போது தெரியும். முன்னறையை விடாவிட்டால் ஜீப் போய்விடும், அதுவும் தெரியும்.

சீசன் முடிய ஜூன். அதற்குள் அங்கேயே வேர்விட்டுவிடுவாள்.

மார்ச் 10

என் முன்னறையில் யார் இருக்கிறார்கள்? கணவருடைய நாற்காலி, பழைய பாடப் புத்தகங்கள், துணி போடும் கொடி. நான் படுப்பது பின்னால் அடுப்படியில், தனியாக, சன்னல் திறந்து.

ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை?

மார்ச் 11

பிரபாகரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அட்வான்ஸ் கொடுத்தவர்களை என் முன்னறைக்கு அனுப்பு, பணம் நீ வாங்கிக்கொள், உன் முன்னறை உன் அம்மாவுக்கு.

முதலில் மறுத்தான். பிறகு, “உங்களுக்குச் சத்தம் ஆகாதுங்களே,” என்றான். அறுபது பிள்ளைகளுக்கு நடுவில் ஆயுளைக் கழித்தவளிடம்.

கீர்த்திகா உள்ளேயிருந்து: “ஒத்துக்கங்க மாமா. அத்தைய நாளைக்கே போய்க் கூட்டிட்டு வாங்க.”

மார்ச் 12

பைக் சத்தம்.

குழந்தை இப்போது நடக்கிறது. அவளைப் பார்த்து முதலில் அழுதது. அடையாளம் தெரியவில்லை. ராசம்மாள் தூக்கவில்லை, தரையில் உட்கார்ந்து பேசாமல் இருந்தாள். வெகுநேரம் கழித்து அதுவே வந்து அவள் வளையலைப் பிடித்தது. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அது அவர்கள் நேரம்.

ஏப்ரல் 14

லாட்ஜில் திரும்ப எடுக்கவில்லை. சான்றிதழைக் காட்டியும். பஸ் ஸ்டாண்டு ஓரம் காளான் பக்கோடா கடையில் பாதி நாள் வேலை. புவனா பேசிச் சேர்த்துவிட்டாளாம். யுவராஜ் இன்னும் மாத்திரையில்.

மே 25

மலர்க் கண்காட்சிக் கூட்டம். என் முன்னறையில் ஈரோட்டுக் குடும்பம் காலி செய்துவிட்டுப் போனது. பாடப் புத்தகத்துப் படத்துக்கு அவர்கள் பையன் மீசை வரைந்திருக்கிறான்.

நாலு மணி. காபி போட்டுவிட்டு அவளைக் கூப்பிடப் போனேன். அவள் வீட்டு முன்சன்னல் அகலத் திறந்திருந்தது, மூட்டம் நேரே உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவள் கட்டிலில், குழந்தை அவள் மடியில். சந்துக்குள் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் சன்னல் வழியாக, “அம்மா, ரூம் இருக்கா?” என்றார்.

“இங்க இல்லீங்க, இது நான் இருக்கற ரூமு. பக்கத்து ஊட்டுல கேளுங்க, டீச்சர் ஊடு. நல்ல காத்தோட்டம்.” என்னைப் பார்த்துவிட்டாள், குரலை உயர்த்தினாள். “சுடுதண்ணியும் அவங்களே சொமந்து வந்து ஊத்துவாங்க.”

அண்டாவை அடுப்பில் ஏற்றிவிட்டேன். வெல்லம் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.