பிளான் துணியின் பின்பக்கம்

அக்கா,

இன்று காலை பக்கத்து வீட்டு அடுப்பில் பிளான் துணி வேகிறது. கஞ்சியும் சோடாவும் சேர்ந்து கொதிக்கிற அந்த வாடை வந்தவுடன் ஜன்னலைச் சாத்தினேன். போகவில்லை. கதவையும் சாத்திவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் அந்தத் துணியில் தைத்த சட்டை போடாத குழந்தை எது? பாலத்துக்கும் பாதைக்கும் படம் போட வெள்ளைக்காரன் தருவிக்கிற உயர்ந்த லினன் துணி. படம் பழசானால் அலுவலகத்தில் கழித்துப் போடுவார்கள், ஆண்கள் வீட்டுக்குச் சுருட்டிக்கொண்டு வருவார்கள். பெண்கள் சோடா போட்டு அவித்து அலசினால் மையும் கஞ்சியும் ஓடிப்போய், மல்லிகைப் பூவாட்டம் வெளுத்த துணி கிடைக்கும். நானும் என் மூத்தவளுக்கு அதில்தான் சட்டை தைத்தேன்.

அதைக் கேட்கத்தானே முதன்முதல் உங்கள் வீட்டுப் படி ஏறினேன்? வரைபட அலுவலகத்துப் பெரிய கிளார்க்கின் மனைவி, யாழ்ப்பாணத்து அம்மா, கேட்டால் முகம் சுளிப்பார்களோ என்று வாசலிலேயே நின்றேன். நீங்கள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தீர்கள். கையில் மஞ்சள்தூள் என்று நினைத்தேன், அது வர்ணம்.

"துணி தாறன் தங்கச்சி. முதல் இதைப் பாரும்" என்று உள்ளே கூட்டிப்போய்க் கட்டிலின் அடியிலிருந்து ஒரு சுருளை இழுத்து விரித்தீர்கள். ஒரு பக்கம் ஏதோ ஓர் ஆற்றுப் பாலத்தின் கறுப்புக் கோடுகள். திருப்பினால் அம்பாங் ஈயக்குளம். ஈயம் அரிக்கிற மரத்தட்டோடு தண்ணீரில் குனிந்து நிற்கிற சீனப் பெண்கள், அவர்களுடைய சிவப்புத் துணி சுற்றிய தொப்பிகள், முதுகில் கட்டியபடியே தூங்குகிற ஒரு பிள்ளை. தண்ணீர் பட்டால் அந்தத் துணி கெட்டுப்போகும் என்பதால் எண்ணெய் வர்ணத்தை டர்பன்டைனில் மெல்லிசாகக் கரைத்துப் பூசியிருந்தீர்கள். நான் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு, "ஒரு பக்கம் அவையின்ரை. மற்றப் பக்கம் சும்மாதானே கிடக்கு" என்றீர்கள்.

சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். நானும் அன்று சிரித்தேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

உங்களுக்கு வாய்த்ததெல்லாம் பின்பக்கம்தான். கதை எழுதியதும் அலுவலகத்தில் கழித்த தாள்களின் பின்பக்கத்தில். எழுதிய நேரமும் எல்லாரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, அவர் வேலையிலிருந்து திரும்புவதற்கு முன் கிடைத்த மத்தியானம். உங்கள் முதல் நாவல் கிள்ளானில் அச்சாகி வந்தபோது நான்தான் ஓடிவந்து வாங்கிப் பார்த்தேன். அட்டையில் உங்கள் கணவரின் பெயர், பட்டம், உத்தியோகம் எல்லாம் கொட்டை எழுத்தில். அதன் கீழே சின்னதாக, 'அவர்களின் பாரியார் இயற்றியது'. உங்கள் பெயர் எங்கே அக்கா என்று கேட்டேன். "உதிலை இருக்குதே, பாரியார் எண்டு" என்றீர்கள். உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன். அத்தனை பொறுமை நீங்கள் காட்டியிருக்க வேண்டாம்.

என்னையும் வரைந்தீர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த கையோடு, நீலக் கரைச் சேலையில், உங்கள் இரண்டாவது நாவலின் ஓர் அத்தியாயத்தைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி. "என் மூக்கு இவ்ளோ பெருசாவா இருக்கு?" என்று சண்டைக்கு வந்தேன். "மூக்கு உம்மடைதான். நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை" என்றீர்கள். சேலைக் கரையின் நீலம் மட்டும் உங்களுக்குத் திருப்தி தரவில்லை. காயக் காய அதன் மேலேயே பூசிக்கொண்டிருந்தீர்கள். படம் முடிந்ததும் சுருட்டி மற்றவற்றோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டீர்கள். சுவரில் ஏன் மாட்டவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் கண்ணுக்கு எதிரே பதில் தொங்கிற்று. சட்டம் போட்டு, வெள்ளைக்கார அதிகாரிகளோடு உங்கள் கணவர் நிற்கிற குரூப் போட்டோ.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. அந்த இரண்டாவது நாவலை முடித்துவிட்டேன் என்று நீங்கள் என் கையைப் பிடித்துச் சொன்ன வாரமே போய்விட்டீர்கள்.

உங்களுக்கு இரங்கல் கூட்டம் நடந்தது. நான் பின்வரிசையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். ஒருவர் எழுந்து நீங்கள் பதிபக்தி மிக்கவர் என்றார். இன்னொருவர் உங்கள் கையால் சாப்பிட்ட தோசையை நினைத்துக் கண் கலங்கினார். மூன்றாமவர், கனம் பொருந்திய மனிதர், "ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்காக ஏதோ எழுதியும் வந்தார்" என்றார். ஏதோவாம்! நானே எழுந்து பேசியிருப்பேன், பெண்களைப் பேச அழைக்கும் வழக்கம் அந்தச் சபைக்கு இல்லை. கூட்டம் கலைந்தபோது உங்கள் பெயரை ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பது எனக்கு உறைத்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள், கிள்ளானிலிருந்து வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த உங்கள் மச்சாள், அதாவது உங்கள் கணவரின் தங்கை, என்னைத் தேடி வந்தார். நல்ல பெண். கையில் ஒரு மடிப்பு.

"ரீச்சர், உங்களுக்கும் ஒண்டு தைச்சனான். அவ உங்களோடை நல்ல வாரப்பாடெல்லோ."

கைக்குட்டை. நாலு ஓரமும் சின்னச் சின்னத் தையல். வாங்கி விரித்தேன். ஒரு மூலையில் விரல் நகம் அளவு நீலம்.

"இந்தத் துணி எங்கே கிடைச்சது?" என்றேன்.

"கட்டிலுக்குக் கீழை ஒரு கட்டுக் கிடந்தது. என்ன ஊத்தை, அப்பாடி! மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சு, இரண்டு தரம் அவிச்சுப் போட்டும் உந்த நீலம் போகேல்லை. பிழையா நினையாதேங்கோ."

"அது ஊத்தை இல்லீங்க. படம். அவங்க வரைஞ்ச படம். இதுல இருந்தது நான்."

அவர் என் முகத்தையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "படமெண்டால் சட்டம் போட்டுச் சுவரிலையெல்லோ கிடக்கும்? கட்டிலுக்குக் கீழை கிடந்தால் எனக்கு எப்பிடித் தெரியும் ரீச்சர்? எனக்கு ஆர் சொன்னவை?" என்றார்.

அவர் சொன்னதில் என்ன தவறு? யாரும் சொல்லவில்லைதான். சொல்ல வேண்டிய மனிதர் கூடத்தில் குரூப் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சோடா கொதிக்கிற வாடை அவருடைய மூக்குக்கும் போயிருக்கும். அம்பாங் பெண்களும் முதுகுப் பிள்ளையும் அண்டாவுக்குள் போனபோது ஒரு தடவை எழுந்து எட்டிப் பார்த்திருந்தால் போதும். அவர் கெட்டவர் இல்லை, உங்களை அடித்தவர் இல்லை, வைதவர் இல்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் ஒத்துக்கொள்கிறேன். அதனால் என் கோபம் குறைந்துவிடவில்லை.

உங்கள் தாள்கள் எங்கே என்று அன்றே உங்கள் கணவரிடம் போய்க் கேட்டேன். தகரப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்றார். எனக்கு உயிர் வந்தது. அடுத்த வார்த்தையில் போயிற்று.

"எழுத்து சரஸ்வதி. அதை எரிக்கக் கூடாது, குப்பையிலையும் போடக் கூடாது. நல்ல நாள் பாத்து ஆத்திலை விடுவம் எண்டு இருக்கிறன்."

மரியாதையாகத்தான் சொன்னார். கிள்ளான் ஆறு குவாட்டர்ஸுக்குப் பின்னால்தான் ஓடுகிறது, ஈய மண் கலந்து, தேநீர் நிறத்தில். அதில் உங்கள் நாவலைத் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி விட்டுவிடுவாராம். நான் கேட்டேன், எனக்குத் தாருங்கள் என்று. "அது வீட்டுச் சமாச்சாரம், ரீச்சர். வெளியிலை குடுக்கிற சாமான் இல்லை" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான் என்பது உங்களுக்குத் தெரியாததா?

நவராத்திரி வந்தது. துக்க வீடு என்பதால் உங்கள் வீட்டில் பூசை இல்லை. குவாட்டர்ஸ் வழக்கப்படி, பூசை இல்லாத வீட்டுப் புத்தகங்களைப் பக்கத்து வீட்டுப் பூசையில் வைப்பார்கள். என் வீட்டுக்கு உங்கள் கணவர் தேவாரப் புத்தகத்தையும் அலுவலகப் புத்தகம் ஒன்றையும் அனுப்பினார். நான் நேரே போய் நின்றேன். "ஐயா, எழுத்து சரஸ்வதின்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப அக்காவோட தாளையும் பூசையில வைக்கணும் இல்லையா?" என்றேன். மறுக்க அவருக்கு வழி கிடைக்கவில்லை. தகரப் பெட்டியோடு வந்தேன்.

சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன், தேவாரத்துக்குப் பக்கத்திலேயே உங்கள் நாவலை வைத்தேன். மறுநாள் விஜயதசமி. வைத்த புத்தகத்தை எடுத்து, வைத்தவர் நாலு வரியாவது வாசிக்க வேண்டும். உங்கள் கணவர் வந்து தேவாரத்துக்குக் கை நீட்டினார். நான் உங்கள் முதல் தாளை அந்தக் கையில் கொடுத்தேன். "இதுவும் உங்க வீட்டுப் புத்தகம்தானே ஐயா."

வீடு நிறையப் பெண்கள். அவரால் தட்ட முடியவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

'ரயில் கதவுக்காரன் என்று சம்பளம் வாங்கியவன் அவள் புருஷன். கதவைத் திறந்தவளும் மூடியவளும் அஞ்சலை. பச்சைக் கொடியை அவள் பிடித்தாள். ரயில்காரர்கள், தூங்குகிறவனுக்குச் சலாம் வைத்துவிட்டுப் போனார்கள்.'

நிறுத்தினார். போர்ட்டரின் மனைவி, எழுதப் படிக்கத் தெரியாதவள், என் வீட்டுத் தூணில் சாய்ந்திருந்தவள், "அப்புறம் என்னாச்சு?" என்றாள். அவர் அடுத்த தாளை எடுத்தார். அதையும் வாசித்தார். மச்சாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "உதை அவவோ எழுதினது?" என்று என்னைக் கேட்டார். அவர் கண்ணில் தண்ணீர். அண்டாவில் என்ன வேகவைத்தோம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

வாசிப்பு முடிந்து உங்கள் கணவர் எழுந்தார். நான் பெட்டியின் முன்னால் நின்றுகொண்டேன். "இதை ஆத்துல விடப் போறீங்களா?" என்றேன்.

"பூசைக்கு வைச்ச பூவையும் ஆத்திலைதானே விடுறம்" என்றார், முன்னைப் போல உறுதியாக இல்லாமல்.

"பூ வாடிப்போகும், அதனால விடுறோம். இதுல எது வாடிப்போச்சு?"

மச்சாள்தான் பதில் சொன்னார். "அண்ணை, அவவின்ரை சாமானிலை நான் கெடுத்தது காணும். மிச்சத்தை நீங்கள் கெடுக்காதேங்கோ."

உங்கள் கணவர் கையிலிருந்த தாள்களை என்னிடம் நீட்டினார். பிறகு, "ரீச்சர் வைச்சிருக்கட்டும். ஆனா ஒருத்தருக்கும் காட்டப்படாது" என்றார். பார்த்தீர்களா அக்கா? கொடுக்கும்போதும் ஒரு பூட்டோடுதான் கொடுத்தார். நான் சரி என்று சொல்லவில்லை. தலையையும் ஆட்டவில்லை. பெட்டியைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

அதன் பிறகு மத்தியானங்களில் நான் உட்கார்ந்தேன், நீங்கள் உட்கார்ந்த அதே நேரத்தில். கறையான் வராமல் வேப்பிலையும் கற்பூரமும் போட்டு, ஈரம் ஏறிய தாள்களை நிழலில் உலர்த்தி, உங்கள் நாவல் முழுவதையும் படி எடுத்தேன். புதுத் தாளில், முன்பக்கத்தில். உங்கள் எழுத்தில் ஒரு வார்த்தையையும் திருத்தவில்லை. மூக்கைக் கூட்டவும் குறைக்கவும் எனக்கு என்ன உரிமை?

போன வாரம் மச்சாளும் நானும் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனோம். அச்சகத்தில் மாதப் பத்திரிகை போடுகிறார்கள், தொடர்கதையாக வெளியிட ஒத்துக்கொண்டார்கள். எழுத்துக் கோர்க்கிறவர், தமிழ்நாட்டிலிருந்து வந்த மனிதர், முதல் தாளைப் புரட்டிவிட்டுக் கேட்டார். "அம்மா, பேரு என்னா போடணும்? இன்னாரோட மனைவின்னு போட்டுறவா? முன்னால அப்படித்தானே போட்டோம்."

"வேணாங்க. அவர் வேணும்னா இவங்களோட வீட்டுக்காரர்னு போட்டுக்கட்டும்" என்றேன். மச்சாள் குலுங்கிச் சிரித்தார். உங்கள் வீட்டு மனிதர்களில் ஒருவர் அந்தப் பேச்சுக்குச் சிரித்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு உங்கள் பெயரைச் சொன்னேன். அந்த மனிதருக்கு அது புதிது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசையில் நிறுத்தினார், மை தடவி ஒரு துண்டுத் தாளில் அழுத்திக் கொடுத்தார். என் விரலில் மை ஒட்டியது. துடைக்க இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்தேன், அந்த நீல மூலை வெளியே வந்தது. மச்சாளும் அதைப் பார்த்தார். மடித்துத் திரும்பச் செருகிக்கொண்டேன். பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் அந்தக் கறுப்பு விரலோடுதான் வந்தேன் அக்கா, உங்கள் பெயரின் மை.

உங்கள் கணவருக்கு இன்னும் தெரியாது. முதல் பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். குரூப் போட்டோவுக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, உங்கள் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கொடுப்பேன்.