மேடம் சொன்னது: வெந்நீர்

ஜூலை 5, சனி

காலை எட்டு மணிக்கே அனல். கடையில் தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் இரண்டு முறை நின்றது. பெரிய தொட்டி 29 டிகிரி. ஐஸ் பாட்டில் மிதக்க விட்டேன். உப்பளவு சரி. அம்மோனியா பார்க்க நேரம் இல்லை.

வாங்க: இட்லி அரிசி, பாத்திர சோப்பு, மாமியாருக்குக் கண் சொட்டு மருந்து.

'ஒரே நாளில் கடல்' ஆஃபர் இன்று ஆரம்பம். என் வீட்டுக்காரர் பிரபுவின் யோசனை. காலையில் சொன்னால் சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் உப்புத் தண்ணீர்த் தொட்டி, கோமாளி மீன் ஒரு ஜோடி, பவளக் கல் ஒன்று. கடை திறந்த முதல் வருடம், நாற்பது நாள் வெறும் தண்ணீரை ஓடவிடுங்கள், அப்புறம்தான் மீன் என்று எல்லோரிடமும் சொல்வேன். தலையாட்டிவிட்டு வேறு கடைக்குப் போய்விடுவார்கள். "நாப்பது நாளு வெறும் தண்ணியப் பாக்க எவன் வருவான் கலை?" என்பார் பிரபு. போன வருடத்திலிருந்து ஒரு பாட்டில் பாக்டீரியா ஊற்றி அன்றைக்கே மீன் விடுகிறோம். பாதி பிழைக்கிறது. செத்ததற்குப் பதில் வேறு வாங்க வருகிறார்கள்.

பன்னிரண்டு மணி, கடை நிறைய ஆள். ஆம்பூர் ஜமீல் பாய் போன். தோல் கம்பெனியில் தரம் பிரித்து ரிடையர் ஆனவர். இந்த மூன்று வருடத்தில் கற்றுக்கொள்ள என்று வந்த ஒரே ஆள். நாலு மாதம் ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்தார். எதுவும் வாங்காமல் நின்று பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டு போனார். ஏப்ரலில்தான் தொட்டி வைத்தார்.

"மேடம், கல்லு மேல பழுப்பா பூ மாதிரி ஒண்ணு ஜாஸ்தி ஆயிட்டே வருது. இன்னா பண்ணட்டும்?"

அது களை. எல்லாத் தொட்டியிலும் வரும். ஒரு கையில் டேப், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன்.

"கல்லை வெளிய எடுத்து வெந்நீர்ல போட்டுடுங்க பாய். செத்துடும்."

"வெந்நீர்ல. எவ்ளோ நேரம்?"

"நல்லா கொதிக்க விடுங்க."

"சரி மேடம், எழுதிக்கினேன்."

ஐந்து தொட்டி போயிற்று. பிரபு பிரியாணி வாங்கி வந்தார். கால் வீங்கிக் கிடக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

மேகம் மட்டும். மழை இல்லை.

கூட்டம். ஒருவர் பிரபுவிடம்: "இந்த மீனு எத்தினி நாளு இருக்கும்ணா?" பிரபு: "நீங்க பாத்துக்கறதப் பொறுத்துங்க."

சொட்டு மருந்து வாங்கியாயிற்று. அரிசி மறந்தேன்.

ஜமீல் பாய் வரவில்லை. தொட்டி வைத்த பிறகும் அவர் வராத ஞாயிறு இதுதான் முதல்.

ஜூலை 7, திங்கள்

பதினோரு மணிக்கு பாயின் மகள் ஷபானா போன் செய்தாள். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். இரண்டு முறை கடைக்கு வந்திருக்கிறாள்.

"அக்கா, அப்பாவும் அம்மியும் வேலூர்ல ஆஸ்பத்திரில இருக்காங்க. சனிக்கெழம ராத்திரி குளிரு, இருமலு, மூச்சு வுட முடியல. அப்பா பரவால்ல, வார்டுல இருக்காரு. அம்மி ஐசியூ. நிமோனியாவா இருக்கும்ன்றாங்க. மீனுங்களுக்கு தீனி எவ்ளோ போடணும்னு கேக்கதான் பண்ணேன். அப்பா அதையே கேட்டுனு இருக்காரு."

"திடீர்னு எப்படிம்மா?"

"தெரியலக்கா. சாயந்தரம் கூட நல்லாதான் இருந்தாங்க. அப்பா கல்ல கொதிக்க வெக்க சொன்னாராம், அம்மி அடுப்பாண்ட நின்னுனு கிளறினு இருந்தாங்களாம்."

எந்தக் கல்?

அவர் வீட்டில் மூன்று கல். அதில் ஒன்று நாங்கள் விற்ற பட்டன் பவளம். சட்டைப் பட்டன் அளவில் பச்சையும் ஆரஞ்சுமாக ஒட்டிக்கொண்டிருக்கும். கடைக்கு வருகிறவர்கள் முதலில் நின்று பார்ப்பதும் அதுதான். அதில் சில வகைக்குள் கொடிய விஷம் உண்டு. தண்ணீருக்குள் சும்மா இருக்கும்வரை ஒன்றுமில்லை. கொதிக்க வைத்தால் ஆவியோடு எழும்பும். மூச்சில் போனால் நுரையீரல்.

இது எனக்கு ஏழு வருடமாகத் தெரியும்.

"காலைல ஒரு சிட்டிகை, சாயந்தரம் ஒரு சிட்டிகை" என்றேன். போனை வைத்தேன்.

இதை எழுதிவிட்டு வெகு நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சிட்டிகை என்றுதான் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

பிரபுவிடம் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. கேட்டார்: "அதுக்கு மாத்து மருந்து இருக்குதா?"

"இல்ல. மூச்சுக்கு உதவி பண்ணலாம், அவ்ளோதான்."

"அதத்தான அங்க பண்ணினு இருக்காங்க? நீ போய் சொல்லி இன்னா ஆவப்போவுது? கடை பேரு கெட்டுச்சுன்னா லோனுக்கு நீயா பதில் சொல்லுவ?"

ஆஃபர் பேனர் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

தூக்கம் இல்லை. தொட்டியில் காற்று மோட்டார் போடும் சத்தம் எனக்கு எப்போதும் பிடிக்கும். இன்று காலை கடையில் பதினெட்டுத் தொட்டியும் ஒன்றாக மூச்சுத் திணறுகிற மாதிரி கேட்டது. வெளியே வந்து நின்றேன். உள்ளே போனேன். மறுபடி வந்தேன்.

ஏப்ரலில் அந்தக் கல்லை வாங்கும்போது பாய் கேட்டார். "இத கையால தொடலாமா மேடம்? எதுனா ஆவுமா?" என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பிரபு முந்திக்கொண்டு, "ஒண்ணும் ஆவாது பாய், கொழந்த கூட தொடலாம்" என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். பாய் என் முகத்தைப் பார்த்து இரண்டு நொடி காத்திருந்தார். தோலைத் தடவியே எது அவசரத்தில் பதனிட்டது என்று சொல்லக்கூடியவர். நான் லேபிளை நேராக ஒட்டினேன்.

தோல் கம்பெனிக் கழிவு நீர் ஆய்வுக்கூடத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தவள் நான். ஒரு துளியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அடுத்த துளியைத் தொடமாட்டேன். அப்படித்தான் இருந்தேன்.

பத்தரை. ஷபானா மெசேஜ்: அம்மிக்கு மூச்சு மிஷின் வைத்துவிட்டார்கள். கீழே இன்னொன்று: சின்னம்மா வீட்டுக்கு வந்திருக்காங்க, கிச்சன் கழுவப் போறாங்க, அந்தக் கல்ல எங்க போடறது?

அவசரத்தில் மூன்று முறை தப்பாக அழுத்தினேன்.

"ஷபானா, அவங்கள உடனே வெளிய வரச் சொல்லு. எதையும் தொட வேணாம். அந்தப் பாத்திரத்த தொட வேணாம். ஜன்னல் எல்லாம் தொறந்து வெச்சிட்டு தெருவுல நிக்கச் சொல்லு. நான் வர்றேன்."

"ஏன்க்கா? இன்னாக்கா?"

"அது விஷம்மா."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பிரபு "கலை, கலை" என்று பஸ் ஸ்டாப் வரை பின்னால் வந்தார். திரும்பவில்லை. ஆம்பூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். பையில் ரப்பர் கையுறை இரண்டு ஜோடி, மாஸ்க், கண்ணாடி, பிளீச்சிங் பவுடர்.

வீட்டு வாசலில் சின்னம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும். வழிவிட்டு ஒதுங்கினார்கள். உள்ளே அடுப்பின் மேல் அலுமினியக் குண்டான். தண்ணீர் பாதி வற்றி, கல் வெளியே தெரிந்தது. ஆரஞ்சு நிறம் போய் வேகவைத்த தோல் மாதிரி. பிளீச்சிங் கரைத்து ஊற்றினேன். அடுப்பு, மேடை, சுவர் எல்லாம் துடைத்தேன். கல்லையும் குண்டானையும் மூன்று கவரில் கட்டினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று.

மேடை ஓரத்தில் பாயின் நோட்டு திறந்து கிடந்தது. அழகான கையெழுத்து. 'சனி. மேடம் சொன்னது: வெந்நீர். நல்லா கொதிக்க விடணும்.' அடியில் கோடு போட்டிருந்தார்.

மூன்று மணிக்கு வேலூர். டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். விஷத்தின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். சின்ன வயதுப் பெண் டாக்டர். போனில் தேடிப் படித்தார். யாரையோ கூப்பிட்டார். தசைக்கும் இதயத்துக்கும் என்று புதிதாக ரத்தப் பரிசோதனைகள் எழுதினார். பிறகு கேட்டார்:

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"நேத்து காலைல."

"நேத்தே ஏன் சொல்லல?"

ஷபானா என் பின்னால் நின்றிருந்தாள். அவள் என்னை அடித்திருக்கலாம். கையில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"மீனுக்கு ஒரு சிட்டிகைன்னு சொன்னீங்களே" என்றாள். அவ்வளவுதான்.

ஜூலை 9, புதன்

கடைக்குப் போகவில்லை. மாவு அரைத்தேன். நான்கு நாள் தள்ளிப்போன வேலை.

குக்கர் ஆவி விட்டபோது சமையலறையை விட்டு ஓடிவந்துவிட்டேன். மாமியார் கேட்டார், "இன்னாடி, பூனையா?" ஆமாம் என்றேன்.

வாயில் செப்புக் காசை வைத்த மாதிரி ஒரு ருசி. நான் மாஸ்க் போட்டிருந்தேன், எனக்கு எதுவும் இல்லை. பாய்க்கு அந்த ருசி இருந்ததாக டாக்டர் சொன்னார், அதனால்.

சாயங்காலம் பிரபு வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். தரையில் உட்கார்ந்தார். "போலீசுக்கு போவாங்களா?" தெரியாது என்றேன். "நான்தான ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னேன்" என்றார். எனக்குச் சமாதானம் சொல்கிறாரா, பங்கு கேட்கிறாரா, புரியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று மழை. இன்று புழுக்கம்.

பாய் டிஸ்சார்ஜ். அவர் மனைவி மெஹருன்னிசா அம்மாவுக்கு மூச்சு மிஷினை எடுத்துவிட்டார்கள். ஆக்சிஜன் மட்டும். இதையும் ஷபானாதான் அனுப்பினாள், ஒரே வரியில். பிழைத்துவிட்டார். பிழைத்துவிட்டார். பிழைத்துவிட்டார்.

கடைக்குப் போனேன். பட்டன் தொட்டி முன்னைவிட வெளிச்சமான இடத்தில். மேலே புதிய பெயர் எழுதிய அட்டை: 'வானவில்'.

"பேரத்தான் மாத்திட்டேனே" என்றார் பிரபு.

தொட்டியின் விளக்கை அணைத்தேன். அவர் போட்டார். அணைத்தேன். இரண்டு வாடிக்கையாளர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரிடம் சொன்னேன்: "இது விஷம் உள்ளது. கிளவுஸ் போடாம தொடக் கூடாது. காய விடக் கூடாது. கொதிக்கவே வெக்கக் கூடாது." அவர் பொண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பிரபு பேனரை இழுத்துக் கிழித்தார். கோபத்திலா வேறெதிலா என்று கேட்கவில்லை.

பில் புத்தகத்திலிருந்து பெயர் எடுத்தேன். அந்தப் பவளம் வாங்கியவர்கள் பதினொரு பேர். பாயைத் தள்ளினால் பத்து.

ஜூலை 16, புதன்

போன் பேசியது:

காட்பாடி வாத்தியார் - தொட்டியை எப்போதோ விற்றுவிட்டார். வாங்கினவர் நம்பர் தந்தார்.
சத்துவாச்சாரி - "செத்துப்போச்சு, தூக்கிப் போட்டாச்சு. உங்க கடைல எதான் பொழைக்குது?"
மாதனூர் - பையன் வெறுங்கையால் நகர்த்துவானாம். சொன்னதும் அழுதார்.
பேரணாம்பட்டு - திட்டு. நியாயம்.
ஏலகிரி ரிசார்ட் - மேனேஜரிடம் சொல்கிறோம் என்றார்கள். மறுபடி கூப்பிட வேண்டும்.
மற்ற நால்வர் - கேட்டுக்கொண்டார்கள். இருவர் திருப்பித் தருகிறார்கள்.
குடியாத்தம் சரோஜா - போன் சுவிட்ச் ஆஃப். மூன்று நாளாக.

ஜூலை 18, வெள்ளி

ஆம்பூர் போனேன். மெஹருன்னிசா அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். கட்டில் அருகே ஆக்சிஜன் மிஷின். தெருப் பிள்ளைகளுக்கு ஓதச் சொல்லிக்கொடுப்பவர். இப்போது ஒரு வரிக்கு மூன்று இடத்தில் நிற்கிறாராம். டாக்டர் சரியாகும் என்று சொல்லவில்லை, பார்க்கலாம் என்றாராம்.

ஷபானா வாசலை மறித்தபடி இருந்தாள். "அம்மி உங்கள பாக்க வேணாம்க்கா."

பாய் உள்ளிருந்து வந்தார். தொளதொளவென்று சட்டை. என்னைத் திட்டவில்லை. "தொட்டிய எடுத்துனு போயிடுங்க மேடம். அந்த மோட்டார் சத்தம் கேட்டா அவளுக்கு நெஞ்சு அடைக்குதாம்" என்றார். பிறகு மெதுவாக, "நீங்க சொன்னா சரியா இருக்கும்னு நெனச்சேன்."

மீன்களைப் பக்கெட்டில் எடுத்தேன். மூன்று மாதத்தில் நன்றாக வளர்ந்திருந்தன. கண்ணாடியில் ஒரு பாசி இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

காலை பஸ்ஸில் குடியாத்தம். வெயில் இல்லை. சரோஜாவின் போன் இன்னும் ஆஃப். பில்லில் தெருப் பெயர் மட்டும். இரண்டு தெரு விசாரித்தேன். வழியெல்லாம் நினைப்பு ஒன்றுதான்: பூட்டிய வீடு, பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லப்போவது.

விசைத்தறி வீடு. தறியில் லுங்கி ஓடிக்கொண்டிருந்தது. சரோஜா நன்றாக இருந்தார். போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "யாருங்க, மயக்கமா?" என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தார்.

சொன்னேன். பாய், அம்மா, வெந்நீர், எல்லாம். தறிச் சத்தத்தில் இரண்டு முறை திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

கேட்டுவிட்டு உள்ளே தொட்டியைப் பார்த்தார். பச்சைப் பட்டன்கள் விரிந்து ஆடிக்கொண்டிருந்தன. அழகாகத்தான் இருந்தன.

"விக்கும்போதே சொல்லி இருந்தா நாங்க வாங்கி இருப்போமா?"

"மாட்டீங்க."

"அதுக்குதான் சொல்லலயா?"

"ஆமாம்."

அவர் தறியை நிறுத்தினார். தெருவே அமைதியான மாதிரி இருந்தது.

"உள்ள வாங்க. எப்படி எடுக்கறதுன்னு காட்டுங்க."

என்னிடம் இருந்தது ஒரு ஜோடி கையுறை. அதை அவரிடம் கொடுத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன்.