குரலுக்கு ஒரு பிரதி

அன்புள்ள சிட்டுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா நன்றாக இருக்கிறாள். நானும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இத்தனை நாளாக அப்பாவிடமிருந்து போன் இல்லையே என்று நீ அம்மாவைக் குடைந்தெடுத்ததாகக் கேள்விப்பட்டேன். லைன் சரியில்லை, அப்பா தூங்குகிறார், அப்பா வெளியே போயிருக்கிறார் என்று அவள் சொன்னதெல்லாம் பொய். வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அது படுத்தால் போனில் நான் ஊமைதானே. அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு நீ பதறுவாய் என்று மறைத்தாள். போனில் எழுத்து எழுத்தாகத் தட்டி அனுப்பக்கூடிய விஷயமும் இல்லை இது. அதனால் பேனாவை எடுத்தேன்.

ஒருநாள் காலை, வழக்கம்போல் டீ குடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் பட்டனை அமுக்கினேன். விளக்கு எரிந்தது, உள்ளே ஃபேன் சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே நின்றது. கொஞ்சம் பொறுத்து வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்தது. தொடங்குவதற்கு எதுவுமே அகப்படவில்லை என்று சொன்னது. வயரைப் பிடுங்கிச் சொருகினேன். மறுபடி அமுக்கினேன். இந்தத் தடவை பெட்டிக்குள்ளிருந்து டக், டக் என்று, தகரத்தை நகத்தால் சுண்டுவதுபோல் ஒரு சத்தம். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் விடாமல் சாவியைத் திருகாதே என்று ஊரில் பாதிப் பேருக்கு டிரைவிங் சொல்லிக்கொடுத்தவன் நான். அன்றைக்கு நானே விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நிறுத்தினேன்.

தொண்டையில் ஆபரேஷன் ஆவதற்கு முன்னால், ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்மணி என்னைப் பக்கம் பக்கமாகப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்களே, நீகூட "என்னப்பா, நியூஸ் வாசிக்கப் போறீங்களா?" என்று கிண்டல் செய்தாயே, அந்தப் பதிவுகளும், அவற்றிலிருந்து கம்ப்யூட்டர் கற்றுக்கொண்ட என் குரலும் அந்த ஒரு பெட்டியில்தான் இருந்தன. நான் தட்டுவதை என் குரலிலேயே அது சொல்லும். நீ போனில் கேட்டதெல்லாம் அதுதான்.

ஆனாலும் எனக்குப் பெரிய கவலை வரவில்லை. மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த பேக்கப் டிஸ்க் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதைச் சொருகுவேன், விளக்கு மினுக் மினுக்கென்று அடித்து ஓயும், எடுத்து அலமாரியில் வைப்பேன். அந்த தைரியத்தில்தான் இரண்டையும் தூக்கிக்கொண்டு, மருந்துக் கடை மாடிப்படிக்கு அடியில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பெண்ணிடம் போனோம்.

அவள் பேக்கப் டிஸ்க்கைத் தன் மெஷினில் மாட்டித் திறந்தாள். குட்டிப் பயலின் போட்டோக்கள், கல்யாணப் போட்டோக்கள், கரண்ட் பில், நான் வகுப்புக்குப் போட்டு வைத்திருந்த சாலைக் குறிகளின் படங்கள். ஒன்று விடாமல் எல்லாம் இருந்தன. அம்மா மேஜைமேல் சாய்ந்துகொண்டு, "இவர் குரல் எங்கம்மா?" என்று கேட்டாள். அந்தப் பெண் தேடினாள். மறுபடி தேடினாள். அப்புறம் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினாள்.

"இதுல அது இல்லைங்க சார். முதல்ல செட் பண்ணின மூணு ஃபோல்டரை மட்டும்தான் இது காப்பி எடுத்துக்கிட்டே இருந்திருக்கு. குரல் வேற இடத்துல இருந்திருக்கு. அதை இதுல யாரும் சேர்க்கலை."

காதில் விழுந்தது, புரியவும் செய்தது. உடம்புதான் ஏற்றுக்கொள்ளவில்லை. வண்டி பழகுகிற ஆள் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துவிடுவான். சுவர் நம்மை நோக்கி வரும். அந்த நேரத்தில் சத்தம் என்பதே இருக்காது. அப்படி இருந்தது. இதில் மாப்பிள்ளைமேல் ஒரு குற்றமும் இல்லை. அவர் வந்து செட் பண்ணிக் கொடுத்துவிட்டுப் போன பிறகுதான் என் நோயே வந்தது. தயவுசெய்து அவரிடம் போய் முகத்தைத் தூக்காதே. ஆஸ்பத்திரிக்கும் அங்கிருந்தே போன் செய்தோம். நோயாளிகளின் குரலை அவர்கள் வைத்துக்கொள்வதில்லையாம், கையில் ஒப்படைத்துவிடுவார்களாம்.

சட்டைப் பையில் வைத்திருக்கும் சீட்டில், பரவாயில்லை, இனிமேல் எழுதியே காலத்தை ஓட்டிவிடலாம் என்று எழுதி அம்மாவிடம் நீட்டினேன். படித்தாள். படித்துவிட்டுக் கசக்கி என் மேலேயே எறிந்தாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அம்மா என்மேல் ஒரு பொருளை எறிந்து நான் பார்த்ததில்லை.

"உங்களுக்கு எழுத வருது, எழுதிக்கிட்டே இருப்பீங்க. நான் எதைக் கேக்கறது?"

எனக்கு விளங்கவில்லை. வீட்டில் நாங்கள் அந்தக் கம்ப்யூட்டர் வழியாகப் பேசிக்கொண்டதே கிடையாது. உப்புக் குறைவு என்று சொல்வதற்குப் போய் யார் கம்ப்யூட்டரைப் போடுவார்கள்? கையைக் காட்டினால் அவளுக்குப் புரிந்துவிடும். போனுக்கும் வருகிறவர் போகிறவருக்கும்தான் அந்தக் குரல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கடைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்னைப் பார்க்காமல் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னாள். "தினமும் இவர் வாக்கிங் போனதும் நான்தாம்மா உக்காந்து தட்டுவேன். எனக்கு வேகமா வராது, ஒத்தை விரல்தான். என் கண்ணாடிய எங்க வெச்ச, இந்தச் சட்டைக்கு இஸ்திரி போடலையா, டீயில சக்கரை இருக்கா இல்லையா, இப்படித்தான் தட்டுவேன். அது அவர் மாதிரியே கத்தும். நானும் பதிலுக்குக் கத்திட்டு அடுப்பை மூட்டப் போவேன். இவர் திரும்பி வர்றதுக்குள்ள அணைச்சு வெச்சிருவேன்."

சிட்டு, டிஸ்க்கில் குரல் இல்லை என்று கேட்டதைவிட இதைக் கேட்டபோதுதான் எனக்கு நாடி ஒடுங்கியது. தொண்டையை எடுத்ததில் நஷ்டப்பட்டவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பெண் எங்கள் பெட்டியைத் திறந்து, பழைய டிஸ்க்கைக் கழற்றி, காதோரம் வைத்துப் பார்த்தாள். "அம்மா, இது இன்னும் சாகலை. ஆனா சாகக் கிடக்கு. ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் கொஞ்சம் கொஞ்சமாப் போகுது. இனிமே யாரும் தொடாதீங்க. வேற மெஷின்ல மாட்டி, மெதுவா, முதல்ல குரலை மட்டும் எடுத்துப் பாக்கறேன். கிடைச்சா உண்டு. சத்தியம்லாம் பண்ண மாட்டேன்" என்றாள். நான் பட்டனை அமுக்கிய கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அம்மாவுக்குக் கடையே கதி. வேலையை முடித்துவிட்டுப் போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வாள். அந்தப் பெண் போகச் சொல்லவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. ஒருநாள் அம்மா அங்கேயே வெங்காயம் அரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாளாம், வந்த வாடிக்கையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாராம். நான் வீட்டில் தனியாக இருந்தேன். குழாய் சொட்டுவதும் ஃபிரிட்ஜ் உறுமுவதும்தான் கேட்டன. ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா இந்த வீட்டில் எப்படி இருந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பதிவுகள் முக்கால்வாசி கிடைத்துவிட்டன. மீதி உடைந்துபோயின. புது டிஸ்க் போட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றி, போட்டோக்களை மாப்பிள்ளையின் டிஸ்க்கிலிருந்து திருப்பி வைத்து, கிடைத்த பதிவுகளைக் கொண்டு குரலை மறுபடி பழக்கிக் கொடுத்தாள் அந்தப் பெண். சில வார்த்தைகளின் வால் மட்டும் காணாமல் போய்விடுகிறது. 'இல்லை' என்று தட்டினால் 'இல்' என்று நின்றுவிடுகிறது. இனிமேல் நீ என்ன கேட்டாலும் அப்பா பாதிதான் மறுப்பேன்.

வீட்டுக்கு வந்து மாட்டியதும் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவளிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. பெண் பார்க்கப் போனவன்போல விழித்தேன். கடைசியில், "நீ சாப்பிட்டியா?" என்று தட்டினேன். பெட்டி அதைச் சொன்னது. அம்மா உடனே எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கிருந்து, "இப்பதான் கேக்கத் தோணுச்சாக்கும்?" என்று சத்தம் வந்தது. குரல் உடைந்திருந்தது.

இதோடு சின்ன பென் டிரைவ் ஒன்று வைத்திருக்கிறேன். ஒரே வீட்டில் எத்தனை பிரதி வைத்தாலும் அது ஒரு பிரதிதான், வேறு வீட்டிலும் ஒன்று இருக்கவேண்டும் என்று அந்தப் பெண் சொன்னாள். உன் அலமாரியில், குட்டிப் பயலின் கைக்கு எட்டாத இடத்தில் வை. மாப்பிள்ளையைத் திறந்து பார்க்கச் சொல். விளக்கு எரிந்தது என்று நம்பிவிடாமல், உள்ளே இருப்பது பேசுகிறதா என்று காதால் கேட்கச் சொல்.

இன்னொன்று. போன வாரம் தொண்டை டாக்டர் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எடுத்தோம். அதைப் பார்த்துவிட்டு அவர் அம்மாவிடம் வெகுநேரம் பேசினார். நீ லீவை முன்னாலேயே எடுக்க முடியுமா என்று கேட்டுப் பார். முடியாவிட்டால் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

இப்போதெல்லாம் நான் வாக்கிங் போவதில்லை. அந்த நேரத்தில் அம்மா காய் வாங்கக் கடைக்குப் போய்விடுகிறாள், நான் உட்கார்ந்து தட்டுகிறேன். தட்டுவதை ஒலியாகச் சேமித்து வைப்பது எப்படி என்று ரிப்பேர் கடைப் பெண் சொல்லிக்கொடுத்தாள். பென் டிரைவில் அம்மாவுக்கென்று தனியாக ஒரு ஃபோல்டர் இருக்கும். சினிமா வசனம் ஒன்றும் கிடையாது. கேஸை மூடினியா, மாத்திரை போட்டியா, யார் கதவைத் தட்டினாலும் பாத்துத் திற, மழை வருது துணிய எடு, இதுபோலத்தான். தினம் கொஞ்சம் சேர்க்கிறேன். அடுத்த தபாலிலும் அனுப்புவேன்.

நீங்கள் மூவரும் நோய் நொடி அண்டாமல், ஒருவர் பேச்சு ஒருவர் காதில் விழும்படி, ஒரே வீட்டில் நெடுநாள் வாழவேண்டும். உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அம்மா அங்கே வந்து உங்களோடு இருக்கும்போது, கேட்டால் அந்த ஃபோல்டரைப் போட்டுக் காட்டு. வாய்விட்டுக் கேட்கிறவள் இல்லை அவள். கேட்காவிட்டாலும், அவ்வப்போது நீயாகவே போடு.

அன்புடன்,
அப்பா